கேள்வி–பதில்: மூட்டுச் சவ்வும் முடக்கு வாதமும்

முடக்கு வாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) பற்றி வந்த கடிதங்களில் ஒன்பதை இந்த முறை எடுத்துக்கொண்டோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் தெளிவாகக் கேட்டவரின் கடிதத்தை வைத்துக்கொண்டோம்.

எனக்கு வயது 43. காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடிவதில்லை. காபி டம்ளரைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. பத்து மணிக்கு மேல் பரவாயில்லை. தேய்மானம் என்கிறார்கள். தேய்மானம் என்றால் வேலை செய்யச் செய்யத்தானே வலி கூட வேண்டும்?
– வாசகி, கும்பகோணம்

நியாயமான சந்தேகம். தேய்மானத்தில் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். நடந்தால், பாரம் தூக்கினால் வலி கூடும். உங்களுக்கு நடப்பது நேர்மாறு. இறுக்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது, புழங்கப் புழங்கக் குறைவது, இரண்டு கையிலும் ஒரே மாதிரி வருவது, இதெல்லாம் சேர்ந்து ஆறு வாரத்துக்கு மேல் நீடிப்பது என்றால் அழற்சி வாதத்தைத்தான், அதிலும் முடக்கு வாதத்தை, முதலில் சந்தேகிக்க வேண்டும். வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். நான்கு விரல்களின் அடிமூட்டு வரிசையை இன்னொருவர் தன் கையால் இரு பக்கமும் பிடித்து, கைகுலுக்குவதைவிடச் சற்று அழுத்தமாக நெருக்கட்டும். அதற்கே உயிர் போகிறது என்றால் மூட்டுவாத நிபுணரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.

ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி., இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய நான்கு ரத்தப் பரிசோதனைகளையும் எடுக்கச் சொல்வார்கள். முதல் இரண்டும் இந்நோயில் வரும் எதிர்ப்புப் புரதங்களைத் தேடுபவை, மற்ற இரண்டும் அழற்சியின் அளவைக் காட்டுபவை. ஆர்.ஏ. ஃபேக்டர் மட்டும் எடுத்துவிட்டு ‘நெகட்டிவ், ஒன்றுமில்லை’ என்று திரும்பிவிடாதீர்கள். நோய் இருந்தும் நெகட்டிவ் வருபவர்கள் உண்டு. நோயே இல்லாத முதியவர்களுக்கும் ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களுக்கும் பாசிட்டிவ் வருவதும் உண்டு.

ஏன் காலையில் மட்டும்? மூட்டை வீங்க வைக்கும் இன்டர்லூகின்-6 என்ற புரதம் நள்ளிரவுக்குப் பின் ஏறத் தொடங்கி விடியற்காலையில் உச்சத்துக்குப் போகிறது. அதை அடக்க வேண்டிய கார்ட்டிசால் ஹார்மோன் அந்த நேரத்தில் போதிய அளவு சுரப்பதில்லை. இரவெல்லாம் அசையாத மூட்டைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வதும் சேர்ந்துகொள்கிறது. இந்தக் கணக்கை வைத்தே, படுக்கும்போது விழுங்கினால் அதிகாலை இரண்டு மணிவாக்கில் கரையும் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் செய்தார்கள். அதில் காலை இறுக்கம் குறைவது ஆய்வில் தெரிந்தது.

டி.என்.எஃப்., இன்டர்லூகின் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இவை மூட்டுக்குள் எங்கே சுரக்கின்றன? எந்த செல்லில் போய் என்ன செய்கின்றன? வேதியியல் படித்தவன்தான், விரிவாக எழுதினால் புரிந்துகொள்வேன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாமக்கல்

இரண்டும் சைட்டோகைன்கள், அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்கள். மூட்டின் உட்புறத்தில், குருத்தெலும்பு மூடாத இடமெல்லாம் ஒரு மெல்லிய சவ்வு படர்ந்திருக்கிறது. சைனோவியம் என்பது அதுதான். அதன் மேல் அடுக்கு நல்ல நிலையில் ஒன்று முதல் மூன்று செல் தடிமன்தான். அதில் இரண்டு வகை செல்கள். கழிவைத் தின்று காவல் காக்கும் மேக்ரோஃபேஜ் ஒன்று, ஃபைப்ரோபிளாஸ்ட் இன்னொன்று. ஹயலுரோனிக் அமிலத்தையும் லூப்ரிசின் என்ற வழுக்குப் புரதத்தையும் சுரந்து மூட்டை வழுவழுவென்று வைப்பது ஃபைப்ரோபிளாஸ்ட்தான். முழங்கால் அளவு பெரிய மூட்டிலேயே இயல்பாக இருக்கும் திரவம் நான்கு மில்லிக்குள்தான்.

முடக்கு வாதத்தில் அந்தச் சவ்வு பத்து அடுக்குக்கும் மேல் தடித்துவிடுகிறது. ரத்தத்திலிருந்து மேக்ரோஃபேஜ்களும் டி, பி லிம்போசைட் என்ற வெள்ளணுக்களும் வந்து குவிகின்றன. டி.என்.எஃப்.பையும் இன்டர்லூகின்-1ஐயும் அதிகம் சுரப்பவை இந்த மேக்ரோஃபேஜ்கள். அவை பக்கத்திலிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்டின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளில், அதாவது செய்தி வாங்கும் புரதங்களில், உட்காருகின்றன.

அதன் பிறகு செல்லுக்குள் நடப்பது மிக வேகமானது. மரபணுக்களை இயக்கும் என்.எஃப். கப்பா பி என்ற புரதத்தை, ஐ கப்பா பி ஆல்ஃபா என்ற இன்னொரு புரதம் செல்லின் சைட்டோபிளாசத்திலேயே கட்டிப் போட்டிருக்கும். டி.என்.எஃப். ஏற்பியில் உட்கார்ந்ததும் ஐ.கே.கே. என்ற நொதி அந்தக் காவல் புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. பாஸ்பேட் ஒட்டியது சிதைக்கப்படுகிறது. கட்டு அவிழ்ந்த என்.எஃப். கப்பா பி உட்கருவுக்குள் நுழைகிறது. சுமார் 15 நிமிடம் போதும். கூடவே பி38, ஜே.என்.கே. என்ற இன்னொரு தொடரும் கிளம்பி ஏ.பி.-1 என்ற மரபணுச் சுவிட்சைப் போடுகிறது. இரண்டும் சேர்ந்து உற்பத்தி செய்பவை இவை: இன்டர்லூகின்-6, நியூட்ரோஃபில் வெள்ளணுக்களை அழைக்கும் இன்டர்லூகின்-8, மோனோசைட் வெள்ளணுக்களை அழைக்கும் சி.சி.எல்.2, புதிய ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கும் வி.இ.ஜி.எஃப்., வலியைக் கூட்டும் புரோஸ்டகிளாண்டின் இ2, கடைசியாகத் திசுவை அரிக்கும் எம்.எம்.பி. நொதிகள். எம்.எம்.பி.-1, எம்.எம்.பி.-13 இரண்டும் குருத்தெலும்பின் கொலாஜன் புரதத்தை வெட்டுகின்றன. எம்.எம்.பி.-3 மற்ற எம்.எம்.பி.க்களை முடுக்கிவிடுகிறது.

இன்டர்லூகின்-6இல் ஒரு வினோதம். அதன் நேரடி ஏற்பி ஃபைப்ரோபிளாஸ்ட்டின் மேல் கிடையாது. மூட்டுத் திரவத்தில் மிதக்கும் ஏற்பித் துண்டோடு சேர்ந்த பிறகுதான் அது ஜி.பி.130 என்ற புரதத்தின் வழியே செல்லுக்குள் செய்தி அனுப்பும். அந்தச் செய்தியை உள்ளே கடத்துவது ஜேக் என்ற நொதி. முடக்கு வாதத்துக்கான டோஃபாசிடினிப் மாத்திரை அடைப்பது இந்த இடத்தைத்தான்.

நோயின் சூட்சுமம் இங்கே இருக்கிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் செய்தியை வாங்குவதோடு நிற்பதில்லை, தானும் அனுப்ப ஆரம்பிக்கிறது. அது அனுப்பும் சி.சி.எல்.2 இன்னும் மோனோசைட்டுகளைக் கூட்டி வருகிறது. வந்தவை மேக்ரோஃபேஜாகி இன்னும் டி.என்.எஃப். சுரக்கின்றன. ஒரு கரண்டி உறைமோர் பால் முழுவதையும் தயிராக்கி, அந்தத் தயிரே அடுத்த பாத்திரத்துக்கு உறையாவது போல.

எலும்பு அரிப்புக்கும் இதே செல்தான் வழி செய்கிறது. சைட்டோகைன் பட்ட ஃபைப்ரோபிளாஸ்ட் ரேங்க் லிகாண்ட் என்ற புரதத்தைக் காட்டும்; அதைத் தொட்ட முன்னோடி செல்கள் எலும்பைத் தின்னும் ஆஸ்டியோகிளாஸ்ட்டுகளாகின்றன. டி.கே.கே.-1 என்ற இன்னொரு புரதத்தை விட்டு, புதிய எலும்பு கட்டும் செல்களின் கையையும் இது கட்டிவிடுகிறது. அதனால்தான் முடக்கு வாதத்தில் அரித்த குழி லேசில் தூர்வதில்லை. எக்ஸ்ரேயில் அந்தக் குழியை முதலில் தேட வேண்டிய இடம் குருத்தெலும்பு முடிந்து எலும்பு வெறுமையாகச் சவ்வைத் தொடும் விளிம்பு. ஆள்காட்டி விரல், நடுவிரல் அடிமூட்டுகளிலும் காலின் சுண்டுவிரல் அடிமூட்டிலும் அதிகம்.

வேதியியல் ஆசிரியர் என்பதால் இன்னொன்று. பி38ஐ மட்டும் அடைக்கும் மருந்துகள் சோதனைக் குழாயில் பிரமாதமாக வேலை செய்தன, நோயாளிகளிடம் தோற்றுப்போயின. வரைபடத்தில் அம்புக்குறி தடிமனாக இருப்பதால் மட்டும் அதை அடைத்தால் நோய் நின்றுவிடும் என்று நம்ப முடியாது.

அம்மாவுக்கு (58) சி.ஆர்.பி. 48, இ.எஸ்.ஆர். 86, ஹீமோகுளோபின் 9.2. மூன்று மாதமாக இரும்பு மாத்திரை கொடுத்தும் ஏறவே இல்லை. மூட்டுநோய்க்கும் ரத்தச்சோகைக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், திருநெல்வேலி

மூட்டில் சுரக்கும் இன்டர்லூகின்-6 ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகிறது. அங்கே மூன்று காரியம் செய்கிறது. சி.ஆர்.பி.யை ஏற்றுகிறது, ஃபைப்ரினோஜனை ஏற்றுகிறது, அதனால் சிவப்பணுக்கள் ஒட்டிக்கொண்டு வேகமாகப் படிந்து இ.எஸ்.ஆர். கூடுகிறது, ஹெப்சிடின் என்ற ஹார்மோனையும் ஏற்றுகிறது. ஹெப்சிடின் ஏறினால் குடல் இரும்பை உறிஞ்சாது, உடலில் சேர்த்து வைத்த இரும்பும் வெளியே வராது. மாத்திரை போட்டும் பலனில்லாததற்கு இது காரணமாக இருக்கலாம். நோய் அடங்கினால் ஹீமோகுளோபின் தானே ஏறும்.

அதற்காக இரும்புச்சத்துக் குறைவே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வலி மாத்திரையால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியலாம். ஃபெரிட்டின் பாருங்கள். சாதாரணமாக 30க்குக் கீழே போனால்தான் குறைவு என்போம். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டினும் பொய்யாக ஏறுவதால் 100க்குக் கீழே இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். மலம் கறுத்துப் போனால் இரும்பு மாத்திரையால்தான் என்று விட்டுவிடாமல் சோதிக்கச் சொல்லுங்கள்.

சி.ஆர்.பி.யின் அலகையும் கவனியுங்கள். சில ஆய்வகங்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்றும் சில டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும் தருகின்றன. 48ம் 4.8ம் ஒரே அளவாக இருக்கலாம். ஆய்வகத்தை மாற்றிவிட்டு ‘பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது’ என்று சந்தோஷப்படுபவர்கள் நிறைய. சிகிச்சை பலித்தால் சி.ஆர்.பி. நாள்கணக்கில் இறங்கும், இ.எஸ்.ஆர். வாரக்கணக்கில் இழுக்கும். ரத்தச்சோகையும் வயதும் இ.எஸ்.ஆரைத் தனியாகவே ஏற்றும் என்பதால் அந்த 86 முழுவதும் மூட்டின் கணக்கு இல்லை.

அடலிமுமாப் ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். ஆனால் முதலில் காசநோய் பரிசோதனையாம். எனக்கு இருமலே கிடையாது. ஏன் இந்த அலைச்சல்?
– வாசகர், மதுரை

இந்த அலைச்சலைத் தட்டிக்கழிக்கவே கூடாது. அடலிமுமாப் டி.என்.எஃப்.பை அடைக்கும் ஊசி. நம் ஊரில் பலரின் நுரையீரலில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடக்கிறது. அதைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் வேலி கட்டி வைத்திருக்கின்றன. அந்த வேலியைக் கட்டிக் காப்பதில் டி.என்.எஃப்.புக்குப் பெரிய பங்கு. ஊசி மூட்டிலுள்ள டி.என்.எஃப்.பை மட்டும் தேடிப் பிடிக்காது; நுரையீரலிலும் அதை முடக்கும், வேலி உடையும்.

எடுக்க வேண்டியவை: மார்பு எக்ஸ்ரே, மான்டூ தோல் பரிசோதனை அல்லது இக்ரா ரத்தப் பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகள். மான்டூ போட்ட இடத்தை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காட்டியாக வேண்டும். சிவப்பைப் பார்க்காதீர்கள், தடித்த பகுதியைத்தான் அளக்க வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்கு 5 மில்லிமீட்டரே பாசிட்டிவ். ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இரண்டு பரிசோதனையும் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாசிட்டிவ் என்றால் நோய் முற்றியிருக்கிறது என்று பொருளில்லை. வழக்கமாகக் காசநோய் மருந்தான ஐசோனியாசிட் 300 மில்லிகிராம் தினமும் ஆறு மாதம் கொடுப்பார்கள். தொடங்கிக் குறைந்தது ஒரு மாதம் கழித்து ஊசியை ஆரம்பிக்கலாம். முடக்கு வாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் சேர்ந்தால் கல்லீரலுக்கு இரட்டைச் சுமை, எனவே எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் பரிசோதனையை அடிக்கடி பார்க்க வேண்டும்.

அடலிமுமாப்பின் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம். ஊசியை 2 முதல் 8 டிகிரியில், ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். உறைந்து போனதைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, ஆனால் புரதம் கெட்டிருக்கும். தூக்கி எறிய வேண்டியதுதான். மருந்துக் கடையிலிருந்து கொண்டு வரும்போது ஐஸ் பேக்கின் மேல் நேராக வைக்காமல் நடுவே துணி சுற்றுங்கள். குலுக்காதீர்கள். போடுவதற்கு 15–30 நிமிடம் முன் வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறையும். காய்ச்சல், பல்சீழ், ஆறாத புண் இருக்கும் வாரத்தில் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம்.

இந்த வகை மருந்து வந்த வழியையும் சொல்லிவிடலாம். 1980களில் பலருக்கும் நம்பிக்கை இல்லை: மூட்டுக்குள் இத்தனை சைட்டோகைன் இருக்கும்போது ஒன்றை அடைத்து என்ன ஆகப்போகிறது? லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மெய்னி, ஃபியோனுலா பிரென்னன் குழுவினர் நோயாளிகளின் மூட்டுச் சவ்வு செல்களை வளர்த்து அதில் டி.என்.எஃப். எதிர்ப்புப் புரதத்தை விட்டார்கள். இன்டர்லூகின்-1 சரிந்தது. டி.என்.எஃப். மற்றவற்றை இழுத்து நடத்துகிறது என்று 1989இல் வெளியிட்டார்கள். 1992இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் முதல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2003இல் ஃபெல்ட்மனுக்கும் மெய்னிக்கும் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது. 2014 டிசம்பரில் இந்தியாவிலேயே அடலிமுமாப்பின் உயிரி நகல் மருந்து விற்பனைக்கு வந்தது.

எட்டு மாதமாக மெத்தோட்ரெக்சேட். இப்போது வலி சுத்தமாக இல்லை. நிறுத்திவிடலாமா? பக்கத்து வீட்டு அக்கா நிறுத்திவிட்டார், நன்றாகத்தான் இருக்கிறார்.
– வாசகி, சேலம்

அக்காவின் நோய் வேறு, உங்கள் நோய் வேறு. வலி போனதும் சவ்வு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முடக்கு வாத ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளின் டி.என்.ஏ.யில் மீத்தைல் குறிகள் மாறியிருக்கின்றன. உடலிலிருந்து எடுத்துப் பல தலைமுறை தட்டில் வளர்த்தாலும் அந்த மூர்க்கம் போவதில்லை. எதிர்ப்பு சக்தி இல்லாத எலிகளில் மனிதக் குருத்தெலும்போடு சேர்த்து இந்த செல்களை வைத்துப் பார்த்தபோது, தூண்டிவிட வேறு எந்த அழற்சி செல்லும் இல்லாமலே குருத்தெலும்பைத் துளைத்துப் போயின. ஒருமுறை டி.என்.எஃப். பட்ட செல் அடுத்த முறை இன்னும் வேகமாகப் பதில் தருவதும் தெரிந்ததே. மருந்தை நிறுத்தியவர்களுக்கு முன்பு வீங்கிய அதே மூட்டு மறுபடி வீங்குவதற்கு இது ஒரு காரணம்.

எனவே முதலில் விலக்க வேண்டியது ஸ்டீராய்டு, அதுவும் படிப்படியாக. அதன் பிறகும் வீக்கமில்லாத நிலை மாதக்கணக்கில் நிலைத்தால் மெத்தோட்ரெக்சேட்டைக் குறைப்பது பற்றி டாக்டர் பேசுவார். சட்டென்று நிறுத்துவது வேறு, குறைப்பது வேறு.

மெத்தோட்ரெக்சேட் பற்றி எத்தனை முறை எழுதினாலும் போதாது. அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. ஒரு கிழமையைத் தேர்ந்தெடுத்து அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். 2.5, 5, 7.5, 10 மில்லிகிராம் என்று பல அளவில் வருவதால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் எண்ணிக்கையை மறுபடி கணக்கிடுங்கள். ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் வேறொரு நாளில். வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாத கன்றல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல் வந்தால் அடுத்த வேளையைப் போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர்த் தொற்றுக்குக் கோ-ட்ரைமாக்சசோல் எழுதிக் கொடுத்தால் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதைச் சொல்லி மாற்றிக் கேளுங்கள்; இரண்டும் ஃபோலேட்டைத் தடுப்பதால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் பல மாதம் முன்பே டாக்டரிடம் பேசி நிறுத்த வேண்டும்.

மஞ்சளில் உள்ள குர்குமின் என்.எஃப். கப்பா பியை அடக்குகிறது என்று படித்தேன். தினமும் பாலில் மஞ்சள் குடித்தால் மாத்திரையைக் குறைக்கலாமா?
– வாசகர், ஈரோடு

படித்தது சரி, ஆனால் தட்டில் வளர்ந்த செல்லில். அந்தச் சோதனைகளில் செல்லின் மேல் ஊற்றுவது பெரும்பாலும் 10 மைக்ரோமோலார் செறிவு அல்லது அதற்கு மேல். மனிதர்களுக்குத் தினம் 8 கிராம் சுத்தமான குர்குமின் கொடுத்து அளந்த ஓர் ஆய்வில் ரத்தத்தில் உச்ச அளவு 2 மைக்ரோமோலாரைக்கூட எட்டவில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு என்று வைத்தால், 3 கிராம் பிடிக்கும் ஒரு ஸ்பூனில் 90 மில்லிகிராம். அந்த 8 கிராமுக்கே ஏறக்குறைய 90 ஸ்பூன் வேண்டும்.

குழம்பில் போடுங்கள், பாலில் குடியுங்கள், தடையில்லை. மாத்திரையைக் குறைக்காதீர்கள். மிளகுச் சத்து சேர்த்து உறிஞ்சுதலைக் கூட்டிய குர்குமின் கேப்சூல்களால் கல்லீரல் பாதித்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர் அதைத் தொடாமலிருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

சிக்குன்குனியா வந்து நான்கு மாதமாகிவிட்டது. கணுக்காலும் விரல்களும் இன்னும் வீங்குகின்றன. இது முடக்கு வாதமாக மாறிவிட்டதா?
– வாசகி, சென்னை

சென்னைக்கு இந்த நோய் புதிதல்ல. 1964இலேயே இங்கே பெருவாரியாக வந்தது, 2006இல் மறுபடி. வைரஸ் மூட்டுச் சவ்வின் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளுக்குள்ளேயே புகுகிறது. புகுந்ததும் அவை இன்டர்லூகின்-6, சி.சி.எல்.2, ரேங்க் லிகாண்ட் ஆகியவற்றைச் சுரக்கின்றன. அதாவது முடக்கு வாதத்தில் டி.என்.எஃப். தட்டும் கதவையே இது உள்ளிருந்து திறக்கிறது. அறிகுறிகள் அச்சாக ஒத்துப்போவது அதனால்தான். ரீயூனியன் தீவில் ஒரு நோயாளியிடம் 18 மாதம் கழித்து எடுத்த சவ்வில் வைரஸின் ஆர்.என்.ஏ. இருந்தது, நாட்பட்ட நோயாளிகள் எல்லாரிடமும் அப்படிக் கிடைப்பதில்லை.

மூன்று மாதத்தைத் தாண்டியதால் ஆன்டி சி.சி.பி. பாருங்கள். சிக்குன்குனியாவில் அது பெரும்பாலும் நெகட்டிவ். ஆர்.ஏ. ஃபேக்டர் தற்காலிகமாகப் பாசிட்டிவ் ஆகலாம், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஆன்டி சி.சி.பி. பாசிட்டிவ், அல்லது எக்ஸ்ரேயில் அரிப்பு என்றால் முடக்கு வாத சிகிச்சைதான். இரண்டும் இல்லாவிட்டால் பலருக்குக் காலப்போக்கில் அடங்கிவிடுகிறது. வீட்டில் வேறு யாருக்காவது புதிதாகக் காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டும்.

எம்.எஸ்சி. திட்டத்துக்காக முழங்கால் மாற்று அறுவையில் கிடைத்த சவ்விலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்க்கிறேன். வளர்ப்புத் தட்டில் டி.என்.எஃப். கொடுத்த கிணற்றிலும் (குழியிலும்) கொடுக்காத கிணற்றிலும் இன்டர்லூகின்-6 ஒரே அளவு வருகிறது. எங்கே தவறு?
– மாணவி, கோவை

முதலில் புரதத்தை அளக்கும் எலைசா சோதனையின் வரைகோட்டைப் பாருங்கள். இரண்டு கிணறும் மேல் எல்லையைத் தாண்டியிருந்தால் ஒரே அளவாகத்தான் தெரியும். பெரும்பாலான கிட்டுகளின் எல்லை சில நூறு பிகோகிராம்; தூண்டப்பட்ட இந்த செல்கள் மில்லிக்கு நானோகிராம் கணக்கில் கொட்டும். 20 மடங்கு, 100 மடங்கு என்று இரண்டு நீர்த்தலில் ஓட்டுங்கள். பாதிப் பேரின் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும்.

நீர்த்த பிறகும் கட்டுப்பாட்டுக் கிணறு உயரமாக இருந்தால் செல்கள் ஏற்கெனவே தூண்டப்பட்டிருக்கின்றன. காரணங்களை இந்த வரிசையில் தேடுங்கள். பாசேஜ் (செல்களைப் புதிய தட்டுக்கு மாற்றும் சுற்று) 1, 2இல் மேக்ரோஃபேஜ்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும், அவை தாமே டி.என்.எஃப். சுரக்கும், 3ஆவதிலிருந்து 6ஆவதற்குள் பயன்படுத்துங்கள், ஃபைப்ரோபிளாஸ்ட்டின் அடையாளமான சி.டி.90 பாசிட்டிவ், மேக்ரோஃபேஜின் அடையாளமான சி.டி.14 நெகட்டிவ் என்று ஃபுளோ சைட்டோமெட்ரியில் உறுதி செய்யுங்கள். அடுத்து மைக்கோபிளாஸ்மா தொற்று, பி.சி.ஆர். போட்டுப் பாருங்கள். அடுத்து எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு: சீரம், தண்ணீர், திசுவைக் கரைக்கும் கொலாஜனேஸ் நொதி மூன்றிலும் வரலாம். கடைசியாக, சீரத்தைக் குறைக்காமலே தூண்டுவது.

கட்டுப்பாடும் தாழ்வு, தூண்டியதும் தாழ்வு என்றால் உங்கள் டி.என்.எஃப். செத்திருக்கலாம். கேரியர் புரதம் இல்லாமல் நீர்த்தால் அது குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். 0.1 சதவீத பி.எஸ்.ஏ. புரதம் கலந்த பி.பி.எஸ். கரைசலில் கரைத்து, ஒரு சோதனைக்கு ஒன்றாகச் சிறு குழாய்களில் பிரித்து −80இல் வையுங்கள். உருக்கியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம். இன்டர்லூகின்-1 பீட்டா மில்லிக்கு 1 நானோகிராம் கொடுத்த ஒரு கிணறு எப்போதும் இருக்கட்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் குறை செல்லில், பதில் இருந்தால் குறை டி.என்.எஃப்.பில்.

எங்கள் பரிந்துரை முறை இது. சவ்வைக் கொழுப்பு நீக்கி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். சீரம் இல்லாத டி.எம்.இ.எம். ஊடகத்தில் மில்லிக்கு 1 மில்லிகிராம் கொலாஜனேஸ், 37 டிகிரி, ஆட்டியபடி ஒன்று முதல் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் விட்டால் செல்கள் சாகும். 70 மைக்ரான் சல்லடையில் வடித்து, 10 சதவீத சீரத்தில் இரவு முழுக்க ஒட்டவிட்டு, மறுநாள் ஒட்டாததைக் கழுவிவிடுங்கள். சோதனைக்கு 24 கிணற்றுத் தட்டில் கிணற்றுக்கு 50,000 செல், அரை மில்லி ஊடகம். ஒட்டிய பின் சீரத்தை 0.5–1 சதவீதமாகக் குறைத்து ஓர் இரவு. பிறகு டி.என்.எஃப். மில்லிக்கு 10 நானோகிராம். இன்டர்லூகின்-6ஐ 24 மணி நேரத்தில் அளவிடுங்கள். எம்.எம்.பி.-3 மெதுவாக ஏறும் என்பதால் அதற்கு 48 மணி நேரமும் எடுங்கள். ஐ கப்பா பி ஆல்ஃபா பார்க்க வேண்டுமென்றால் 0, 5, 15, 30, 60 நிமிடம்: 15இல் வெஸ்டர்ன் பிளாட்டில் அதன் பட்டை மறையும், 60இல் திரும்பத் தொடங்கும். பட்டை திரும்பிய பிறகு ஒரே ஒரு நேரத்தை மட்டும் எடுத்துவிட்டு மாற்றமில்லை என்று எழுதுவது ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் பிழை.

விளைவு டி.என்.எஃப்.பால்தான் வந்தது, எண்டோடாக்சினால் அல்ல என்று காட்ட மலிவான வழி ஒன்று உண்டு. டி.என்.எஃப்.பை 95 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிக் கொடுங்கள். புரதம் செத்துவிடும், எண்டோடாக்சின் தாங்கும். சூடாக்கியதும் இன்டர்லூகின்-6ஐ ஏற்றினால் உங்கள் குப்பியில் அழுக்கு இருக்கிறது.

மாதிரி எண்ணிக்கை என்பது நோயாளிகளின் எண்ணிக்கை, கிணறுகளின் எண்ணிக்கை இல்லை. ஒருவரின் சவ்விலிருந்து ஆறு கிணறு போட்டாலும் அது ஒன்றுதான். மாற்று அறுவைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தேய்மான நோயாளிகள் என்பதையும், முடக்கு வாதக்காரர்கள் ஏற்கெனவே மருந்தில் இருப்பவர்கள் என்பதையும் ஆய்வேட்டில் குறிப்பிடுங்கள்.

எனக்கு 62 வயது. முழங்கால் தேய்மானம். முடக்கு வாதத்துக்குப் போடும் அந்த ஊசியை எனக்குப் போட்டால் சவ்வு வீக்கம் குறையாதா?
– வாசகர், புதுக்கோட்டை

தேய்மானத்திலும் சவ்வு லேசாக அழற்சியடைவது உண்மை. உதிர்ந்த குருத்தெலும்புத் துகள்கள் அதைச் சீண்டுகின்றன. ஆனால் அங்கே டி.என்.எஃப். வண்டியை ஓட்டுவதில்லை. தேய்மானத்தில் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1 இரண்டையும் அடைத்துப் பார்த்த ஆய்வுகள் ஏமாற்றத்தையே தந்தன. பணமும் போய்த் தொற்று அபாயமும் சேரும். தொடைத் தசைக்கான பயிற்சி, எடைக் குறைப்பு, வலிக்கும் நாட்களில் தடவும் டைக்ளோஃபினாக், வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் ஊன்றுகோல் ஆகியவை உங்களுக்குக் கூடுதல் பலன் தரும். முழங்கால் திடீரென்று சூடாகி வீங்கினால் மட்டும் திரவத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி முனையிலிருந்து நூல்போல நீண்டு விழுந்தால் தேய்மானத் திரவம். தண்ணீராகச் சொட்டினால் அழற்சி. கலங்கியிருந்து வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 50,000ஐத் தாண்டினால் சீழ் என்று கருதி அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும்.